தடைக்காலத்தில் பெஞ்சு செப்பனிட்டவர்கள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். நாம் படித்த நாளில் அது மே 29 வரை 45 நாள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நம் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுகள் நேராக நிற்கத் தொடங்கியது இந்தத் தடைக்காலத்தில்தான். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை, கடலுக்குப் போகும் தகப்பன்மார்களுக்கும் வேலையில்லாத நாள்கள். இரண்டும் ஒன்றாக வருவதைக் கவனித்து அதைப் பயன்படுத்திக்கொண்டது நம் ஆசிரியர்கள் செய்த பெரிய வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அதே நாள்களில்தான். ஆகவே படகுத் தச்சர்களுக்கு அதுதான் தலைக்குமேல் வேலை. அவர்களிடம் ஒரு வாரம் கேட்டால் கிடைக்காது. "அண்ணே, ரெண்டு ஞாயித்துக்கிழமை, காலையில எட்டுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் வாங்க. எப்படிச் செய்யணும்னு காட்டிக் குடுங்க, மீதிய மத்தவங்க பாத்துக்குவாங்க" என்று கேட்டால் வருவார்கள். தச்சர் ஒருவர், அவர் சொல்படி கையாள எட்டுப் பேர், சாவியோடு ஓர் ஆசிரியர். இதுதான் கணக்கு.

பெஞ்சு உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். குறுக்குச் சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து, காலில் வெட்டிய துளைக்குள் இறங்கி நிற்கும். பிள்ளைகள் பெஞ்சைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து அந்தக் கழுந்து தளரும். அவசரத்துக்கு இரும்பு ஆணி அடிப்பார்கள். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்துச் சுற்றியிருக்கும் மரத்தையும் அரித்துவிடும். ஓராண்டில் முன்னைவிட அதிகமாக ஆடும். சரியான முறை வேறு. இணைப்பை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கழுந்தின் நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, அதில் மெல்லிய தேக்கு ஆப்பு வைத்து, ஃபெவிகால் தடவி, துளைக்குள் இறக்கி அடிக்க வேண்டும். ஆப்பு உள்ளே போகப் போகக் கழுந்து விரிந்து துளையை இறுகப் பிடிக்கும். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, கட்டைக் குச்சியால் முறுக்கி, ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். கயிறு முறுக்குவதை வலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. திருகாணி போட்டே ஆகவேண்டிய இடத்தில் பித்தளை அல்லது துத்தநாகப் பூச்சுள்ளது மட்டும். பசை காயுமுன் கயிற்றை அவிழ்த்து அடுக்கிவிட்டால் அந்தப் பெஞ்சு அடுத்த கோடையில் திரும்ப வரும்.

கரும்பலகை தாய்மார்களின் கையில் இருந்தது. சிமெண்டுப் பலகையை நன்றாகக் கழுவி ஒரு நாள் காயவிட வேண்டும். அடுப்புக்கரியை அம்மியில் மை போல அரைத்து, கோவை இலையைச் சேர்த்து மறுபடி அரைத்து, துணியில் தொட்டு ஒரே திசையில் இழுத்துப் பூச வேண்டும். நிழலில் காய்ந்த பிறகு இரண்டாம் பூச்சு. கரி நெறுநெறுவென்று இருந்தால் சாக்பீஸ் கீச்சிடும். இலைச்சாறு அதிகமானால் பலகை பளபளத்து, சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்தே தெரியாது. கடையில் வாங்கும் எனாமல் கறுப்பு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். பூசி முடித்த பலகையில் எடுத்தவுடன் எழுதவும் கூடாது. சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுவதும் தேய்த்துத் துடைத்துவிட்டால், முதலில் எழுதும் எழுத்து அழியாமல் நிழலாக நின்றுவிடாது.

இத்தனை பேரை எப்படி வரவைத்தார்கள் என்பதைத்தான் நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் இந்த மலரில் பதிந்து வைக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்" என்று பிள்ளையின் கையில் சுற்றறிக்கை கொடுத்தனுப்பினால், சோனாங்குப்பத்திலிருந்தும் சிங்காரத்தோப்பிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். அக்கறை இல்லாமல் அல்ல. மீன் விற்கும் தாய்மார்கள் அந்நேரம் சந்தையில் இருப்பார்கள். விடியுமுன் கடலுக்குப் போன தகப்பன் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். அதனால் கூட்டமே தெருவுக்குப் போயிற்று. மாலை 6 மணி, தெருவுக்கு இரண்டு ஆசிரியர்கள். கையில் மதிப்பெண் பட்டியல் கிடையாது, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் இருக்கும். முதலில் நோட்டைக் காட்டுவது, பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்வது, பிறகுதான் குறை. நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையின் குறையைச் சொன்னால் அந்த வீட்டுக் கதவு அப்புறம் திறக்காது. ஆகவே குறையைத் தனியாக அழைத்துத்தான் சொல்வார்கள்.

அடுத்தது ஒரு நீளக் குறிப்பேடு. நான்கு பத்தி: ஆள், வேலை, நாள், உடன் நிற்கும் ஆசிரியர். நான்காவது பத்தி வெறுமையாக இருந்தால் அந்த வேலைக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. பெற்றோர் உதவி எங்கே முறிகிறது என்றால் பெரும்பாலும் இங்கேதான். கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கிறார். அறை பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை, பத்து மணி வரை காத்திருந்து திரும்பிப் போகிறார். அவர் மறுபடி வரமாட்டார். தெருவில் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார். முறிவதற்கு இன்னொரு வழி, கூப்பிட்டால் வருகிறவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவது. ஒரு வகுப்பில் எல்லா வீட்டிலிருந்தும் ஒருமுறை யாராவது வந்து போகும் வரை, எவருக்கும் ஆண்டில் இரண்டு வேலைக்குமேல் கிடையாது என்று விதி வைத்திருந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. மழைநாளில் சிறுபிள்ளைகளைச் சாலை கடக்க உதவுவதற்குக் கையெழுத்து எதற்கு?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையானபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதித்தார்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்து பேசத் தயாரான தாய்மார்கள் நம் தெருக்களில் அதற்கு முன்பே இருந்தார்கள் என்றால் காரணம் அந்த நான்கு பத்திக் குறிப்பேடுதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை பத்தாம் வகுப்புக்கு மாலைப் படிப்பு, 5 மணியிலிருந்து 7.30 வரை. பசித்த பிள்ளைக்கு ஆறு மணிக்குமேல் கணக்கு ஏறாது. அதனால் சுண்டல். 60 பிள்ளைகளுக்கு 3 கிலோ கொண்டைக்கடலை, தலைக்கு 50 கிராம் வீதம். முதல் நாள் இரவே ஊறவைத்தால் கடலோர வெக்கையில் மறுநாள் மாலைக்குள் நுரைத்துப் புளித்துவிடும். காலை 6 மணிக்கு மூன்று பங்கு நீரில் போட்டால் மூன்றரை மணிக்கு வேகவைக்கச் சரியாக இருக்கும். உப்பை முக்கால் வேக்காட்டுக்குப் பின் போட வேண்டும். தேங்காய்த் துருவலைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும், மார்ச் வெயிலில் அதையும் விட்டுவிடலாம். வாரத்தில் இரண்டு நாள் பண்ருட்டிப் பக்கத்து வேர்க்கடலை. அவித்தால் போதும், தாளிப்பு வேண்டாம். நாளுக்கு நான்கு தாய்மார்கள், தெரு மாறி மாறி.

படிப்பு முடிந்து அனுப்புவதிலும் ஒழுங்கு இருந்தது. தெருவாரியாகப் பிரித்து, முன்னால் ஒரு பெற்றோர், பின்னால் ஒருவர், கையில் டார்ச். வாசலில் பெயர் வாசித்து அனுப்பிய ஆசிரியர், கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் கேட்டைப் பூட்டுவார். பெண் பிள்ளைகளைப் படிப்புக்கு அனுப்பலாம் என்ற துணிவு வீடுகளுக்கு வந்தது இதனால்தான்.

கடலூரில் எந்தப் பள்ளியும் தண்ணீரை மறந்து நடத்த முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம். ஊர் வீடிழந்து நிற்கும்போது வந்து தங்குவது வகுப்பறைகளில்தான். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஒரு நாள் ஒதுக்கினார்கள். கூரையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகை அள்ளுவார்கள். கீழ்த்தட்டில் இருக்கும் பதிவேடுகளைத் தடித்த பாலித்தீன் உறையில் கட்டி மேல்தட்டுக்கு ஏற்றுவார்கள். இதில் முதல் இடம் சேர்க்கைப் பதிவேட்டுக்கு. வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதிக்கு மூல ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

நனைந்துபோன பதிவேட்டை வெயிலில் வைக்கக் கூடாது. தாள் நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். காற்றோட்டமான அறையில் விசிறிபோல் விரித்து நிறுத்தி, பத்துத் தாளுக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஈரம் உறிஞ்ச உறிஞ்ச மாற்ற வேண்டும். செய்தித்தாள் வைத்தால் அதன் மை இறங்கிவிடும். பேனா மையில் எழுதிய பக்கங்கள் கரைந்துபோக, பால்பாயிண்டில் எழுதியவை நிற்பதைக் கண்ட பிறகு பதிவேட்டுக்கு மைப்பேனா எடுப்பதை நிறுத்தினார்கள்.

முகாம் கலைந்ததும் குடிநீர். ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக்கணக்கு. கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கிடலாம்: 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ஆழத்துக்கு நீர் என்றால் 14,130 லிட்டர், தூள் 35 கிராம். வெள்ளம் புகுந்த கிணறானால் முதலில் இறைத்துக் கொட்டி, சேறு வாரி, ஊறிவரும் புது நீரில்தான் மருந்து. அதற்கு இந்த அளவு போதாது, சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவு போட வேண்டும். தூளை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை பத்து நிமிடம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன மழைக்கு வாங்கி வாய் திறந்து வைத்த மூட்டை பயன்படாது. ஈரக்காற்றில் குளோரின் போய்விட்டிருக்கும், வாசனை மட்டும் ஏமாற்றும்.

ஊர் சேர்ந்து பள்ளியை நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் தண்ணீர்ப் பானையும் கொண்டுவந்து குவித்தார்கள். அப்போதும் பள்ளிகள் தங்களுக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தன. கொடுப்பவர் அதைப் பார்த்துக் கொடுத்தார். 2021 அக்டோபரில் பக்கத்து மாவட்டத்து மரக்காணம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும் தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை என்று வேலையின் எல்லை தெளிவாக இருந்தது.

இப்போது நம் சங்கத்துக்கு. நாம் அனுப்ப ஆசைப்படுவது பெரும்பாலும் கணினி, தொடுதிரைப் பலகை. சந்தோஷம்தான். ஆனால் உப்புக்காற்றில் அதைப் பராமரிக்க ஆளும் பணமும் யார் தருவது என்று முடிவு செய்யாமல் அனுப்பினால் மூன்றாம் ஆண்டில் அது அறையின் மூலையில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் 2024 மறுகட்டமைப்பின்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்துவிட்டது. ஊரில் இருக்கும் நம் தோழர்கள் அதில் உட்காரட்டும். பட்டியல் அவர்கள் வழியாக வரட்டும்.

பணம் அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர், பிரான்ஸ் என்று குடியுரிமை மாறியவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு மூலமே. அவர் தரும் பணத்தைப் பெற, பெறும் அமைப்புக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவும், புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். எல்லாரிடமும் வாங்கி ஒருவர் பெயரில் மொத்தமாக அனுப்பும் நம் பழக்கத்தை இந்த ஆண்டே நிறுத்துவோம். அப்படி அனுப்பினால் மாட்டிக்கொள்வது தலைமையாசிரியர். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளித் திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தேதியை முன்கூட்டியே சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். ஏப்ரல், மே என்றால் பெஞ்சு; வரும்போது பித்தளைத் திருகாணி ஒன்றரை அங்குலத்தில் நான்கு பெட்டி வாங்கி வாருங்கள். அக்டோபர் என்றால் கூரையும் பதிவேடும். பொங்கலுக்குப் போகிறவர்கள் மாலைப் படிப்பில் ஒரு வாரம் கணக்கோ ஆங்கிலமோ எடுக்கலாம். 7.30-க்கு டார்ச் பிடித்துச் சிங்காரத்தோப்புப் பிள்ளைகளோடு நடக்கவும் ஆள் வேண்டும். குறிப்பேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உடன் நிற்கும் ஆசிரியர் யார் என்பதை மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.