கால் கொடுக்கப் பழகிய இளங்குதிரை

இரண்டு வயதுக் குதிரை. தலையைத் தடவலாம், கழுத்தில் சாய்ந்து நிற்கலாம். முழங்காலுக்குக் கீழே கை போனால் மட்டும் விலகி ஓடும். குளம்பையோ ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை சீவியாக வேண்டும்.

பார்த்தவர்கள் அடம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்கிற பிராணி அது. ஒரு காலைப் பிடித்துக்கொண்டால் ஓட வழி ஏது? மேலும், உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. அவற்றில் ஒன்றைத் தூக்கினால், வளரும் குதிரை தடுமாறத்தான் செய்யும். அதனால் மற்ற மூன்று கால்களும் சீராக ஊன்றியிருப்பதைப் பார்த்த பிறகே காலைக் கேட்பேன்.

வால் பக்கம் பார்த்தபடி தோளை ஒட்டி நின்று, மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போவேன். எங்கே உடல் விறைக்கிறதோ அங்கேயே கையை நிறுத்துவேன். விறைப்பு தளர்ந்ததும் எடுத்துவிடுவேன். உதறும்போது கையை விட்டால், உதறினால் தப்பிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது விட்டால், அமைதிக்குப் பலன் உண்டு என்று புரிந்துகொள்ளும். எனவே முதலில் ஒரு நொடி மட்டுமே தூக்கினேன். இழுக்கத் தோன்றும் முன்பே நானாகத் தரையில் வைத்தேன். தொப்பென்று போடாமல் வைப்பது முக்கியம். அதற்குப் பிறகுதான் நேரத்தைக் கூட்டினேன்.

இடது பக்கம் பழகியது வலது பக்கத்துக்கு உதவும் என்று நம்ப வேண்டாம். அந்தப் பக்கம் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பின்னங்கால்தான் உண்மையான சோதனை. தடித்த பருத்திக் கயிற்றைக் குளம்புக்கு மேலே முடிச்சுப் போடாமல் சுற்றி, உதை எட்டாத இடத்தில் நின்று மெல்ல இழுத்தேன். கால் இணங்கியதும் கயிற்றைத் தளர்த்தினேன். உதைப்பது நின்ற பிறகே கையால் பிடித்தேன். உயரமாகவோ பக்கவாட்டிலோ இழுத்தால் மூட்டு வலிக்கும். வலியில் உதறுவதைக் குறும்பு என்று நினைத்து அதட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

சத்தத்துக்கும் பழக்கினேன். உள்ளங்கையால் குளம்பைத் தட்டுவது, பிறகு அரத்தை லேசாக ஓட்டுவது.

லாடக்காரர் வந்த அன்று கட்டிப்போடவில்லை. அவர் எந்தப் பக்கம் வேலை செய்தாரோ அதே பக்கம் நான் தலைக்கயிற்றைப் பிடித்தேன். குதிரை மிரண்டால் தலையை நம் பக்கம் இழுக்கலாம். பின்பகுதி அவரிடமிருந்து விலகிவிடும். முன்னங்கால்களை மட்டும் முடித்துக்கொண்டு, பின்னங்கால்களை அடுத்த முறைக்கு வைத்தோம்.

இப்போது மூன்று கால்களில் தொல்லை இல்லை. வலது பின்னங்காலைத் தாங்கியில், அதாவது சீவும்போது காலை ஏற்றி வைக்கும் கருவியில், வைத்தால் இன்னும் பிடுங்குகிறது. அதற்கு மட்டும் தாங்கி வேண்டாம், தாழ்வாகக் கையிலேயே பிடியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.