அடுப்படிச் சுவர் டைல்: வேலைக் குறிப்பேடு

மார்ச் 3

சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவிலுள்ள சுவர். நீளச் சுவர் 10 அடி, திரும்பும் சுவர் 6 அடி, உயரம் 2 அடி. 32 சதுர அடி. புகைபோக்கிக்குக் கீழே இரண்டரை அடி அகலத்துக்கு இன்னும் 2 அடி மேலே போகிறது, அது 5. மொத்தம் 37.

உயரத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு டைல் வாங்கப் போகக் கூடாது. இங்கே இடது கோடியில் 602 மி.மீ., வலது கோடியில் 609. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் மேடை சரி, அலமாரிதான் தூக்கலாக இருக்கிறது. நல்லதாயிற்று. மேடை சாய்ந்திருந்தால் கோணல் கண்ணெதிரே தெரியும். அலமாரிக் கோணல் நிழலுக்குள் போய்விடும்.

மார்ச் 4

முதலில் நினைத்தது 300 × 600 டைல், படுக்கை வாக்கில் இரண்டு வரிசை. கணக்குப் போட்டதும் அது விழுந்தது. மேடையோடு 3 மி.மீ. இடைவெளி, 300, நடுவில் 2, மறுபடி 300: 605. இடம் 602. இடப்பக்க மேல் டைல்களில் மூன்று மி.மீ. வரை சீவ வேண்டும். கீறி உடைக்கிற கட்டருக்கு அவ்வளவு மெல்லிய துண்டு அடங்காது. கிரைண்டரில் இழைத்தால் ஓரத்தில் பளபளப்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

100 × 300 என்றால் ஐந்து முழு வரிசை, ஆறாவது இடப்பக்கம் 89, வலப்பக்கம் 96 மி.மீ. அறுத்த ஓரம் அலமாரியடியில் மறையும். பெட்டியில் போட்ட அளவை நம்பாமல் டைலையே அளக்க வேண்டும். 300 என்று அச்சிட்டது 298 ஆக இருக்கலாம்.

எண்ணிக்கை: 37 சதுர அடியோடு சேதாரம் பத்து சதவீதம், 40.7. ஒரு டைல் 0.323 சதுர அடி. 126 டைல். பெட்டிக்கு 34, ஆகவே நான்கு பெட்டி. மிச்சம் பத்தையும் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வைப்பது நல்லது. பிறகு ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

மார்ச் 6

எந்தப் பொருள்? செராமிக் போதும். பீங்கான் தன்மையுள்ள போர்சலின் டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது, சுவர் செராமிக் பத்துக்கு மேலும் உறிஞ்சும். ஆனால் மேலே கண்ணாடிப் பூச்சு இருக்கையில், காலே படாத சுவரில் அந்த வித்தியாசத்தால் பெரிய லாபமில்லை. செராமிக் அறுக்கவும் துளைக்கவும் எளிது. மார்பிளை அடுப்புக்குப் பின்னால் வைக்காமல் இருப்பது மேல்: எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். கண்ணாடி டைலுக்கு வெள்ளை ஒட்டுப் பசைதான். சாம்பல் பசை பின்னாலிருந்து தெரியும். சொரசொரப்பு டைல் கடையில் அழகு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறவருக்குத் தண்டனை.

நான்கு பெட்டியிலும் நிற எண்ணும் அளவு எண்ணும் ஒன்றா என்று வாங்குமிடத்திலேயே பார்க்க வேண்டும்.

மார்ச் 9

மேஸ்திரி தேடல். தரையில் 37 சதுர அடி என்பது அரை நாள் வேலை. இங்கே ஐந்து சுவிட்ச் பெட்டி, ஓர் உள்மூலை, இரண்டு திறந்த ஓரம், 16 அடிக்கு அறுத்த மேல் வரிசை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் அறுப்பு வேலைக்கெல்லாம் கூலி இல்லாமல் போகும், அவசரமும் அங்கேதான் தெரியும். மொத்தக் கூலியாகப் பேசி, எதெல்லாம் அடக்கம் என்று எழுதிக்கொள்வதே சரி: பெயிண்ட் கொத்துவது, சுவிட்ச் பெட்டி வெட்டு, ஓரப் பட்டை, கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை), சிலிகான், குப்பை அள்ளுவது.

பழைய வேலையைக் காட்டினால் நடுச்சுவரைப் பார்க்க வேண்டாம். அங்கே எல்லோருக்கும் நேராகத்தான் வரும். சுவிட்ச் பெட்டி ஓரத்தையும் மூலையையும் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “பசையை எப்படி வைப்பீங்க?” நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைப்பேன் என்றால் அவர் வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும். தட்டினால் டொக்கென்று கேட்கும், அங்கே துளை போட்டால் விரிசல் விடும்.

மார்ச் 16

சுவர். பெயிண்டோடு பட்டியும் (பெயிண்டுக்கு அடியில் பூசும் மெல்லிய பூச்சு) உரிந்து சிமெண்ட் பூச்சு தெரிய வேண்டும். பட்டி மேல் ஒட்டினால் டைல் பசையை விடாது, பட்டி சுவரை விடும். 2 மீட்டர் மட்டப்பலகை வைத்து, 3 மி.மீ.க்கு மேல் பள்ளமிருந்தால் இன்றே நிரப்ப வேண்டும். மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு, சுவிட்ச் பெட்டிகளை டைல் முகம் வரை வெளியே இழுத்தாயிற்று.

மார்ச் 18

ஒட்டுதல். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியபின் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. 6 மி.மீ. பல் கரணையால் ஒரே திசையில் இழுத்து, டைலை வைத்துக் குறுக்கே அசைத்து அழுத்தினால் வரிகள் நசுங்கிப் பின்புறம் முழுக்கப் பிடிக்கும். பூசியதில் விரல் வைத்தால் பசை ஒட்ட வேண்டும்; ஒட்டாவிட்டால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பத்து டைலுக்கு ஒன்றைப் பெயர்த்துப் பின்புறம் பார்ப்பதை மேஸ்திரி ரசிக்கமாட்டார். பரவாயில்லை. 20 கிலோ மூட்டை ஒன்று போதுமானது, சுமார் 15 கிலோ செலவு.

மார்ச் 19

கிரவுட். 2 மி.மீ. இடுக்கு என்பதால் மணலில்லாத வகை, ஒன்றேகால் கிலோ. (300 × 600 என்றால் அரை கிலோதான் ஆகியிருக்கும்.) அடுப்புக்குப் பின்னால் மட்டும் எபாக்ஸி கிரவுட், பிசினும் அதை இறுக்கும் பொருளும் கலப்பது. அதை டப்பாவில் உள்ளபடி முழுதாகக் கலக்க வேண்டும். கண்ணளவில் பாதி எடுத்தால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். டைல் மேல் படியும் படலம் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும்.

மார்ச் 20

மேடையும் சுவரும் சேரும் 3 மி.மீ. இடுக்கிலும் உள்மூலையிலும் கிரவுட் போடவில்லை. இரண்டும் தனித்தனியாக அசையும், கிரவுட் கீறல் விடும். அங்கே சிலிகான்: இருபுறமும் காகித டேப், ஒரே இழுப்பு, சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரே தடவல், தோல் கட்டுமுன் டேப்பை உரிப்பது. நாளை வரை ஈரம் படக் கூடாது.