தொடுவெட்டிச் சந்தையும் தேன்பெட்டிகளும்

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கும்போது காலை ஏழரை மணி. வயதானவர்கள் இந்த ஊரை இன்னும் தொடுவெட்டி என்றுதான் சொல்கிறார்கள், சந்தைக்கும் அதே பேர்தான். மேலே பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன. கீழே மரச்சீனிக் கிழங்கு, நல்லமிளகு, அப்புறம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் குலைகுலையாக. ஆனால் நான் வந்தது தேனுக்காக.

1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் சார்பில் ஒரு கிராம மறுமலர்ச்சி மையம் நடத்தினார். கோழி, பனைவெல்லம், தேனீ என்று, கையில் காசில்லாத குடும்பமும் வீட்டோடு செய்யக்கூடிய வேலைகளைச் சொல்லிக் கொடுத்து, விளைந்ததைத் தனித்தனியாக விற்று ஏமாறாமல் சேர்ந்து விற்கப் பழக்கினார்கள். 1937-ல் தேனீ வளர்ப்போருக்கென்றே கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. ஒரு சந்தை ஊர் பிழைக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள வீடுகளில் விற்க ஏதாவது இருக்க வேண்டும், புதுக் கடை கட்டடம் எல்லாம் அதற்கப்புறம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். பெட்டி வைத்திருந்த அண்ணன் தேங்காய்த் தொண்டு எரித்த புகையை லேசாகக் காட்டி மூடியைத் திறந்தார். "ரப்பர் பூவிலயா அண்ணே தேன் எடுக்குது?" என்று கேட்டேன். ஒரு தளிரைப் பறித்து நீட்டினார். "பூவில இல்ல மக்கா, மூணு இலையும் சேருத இடத்தைப் பாரு." காம்பின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி மின்னியது. தொட்டு நாக்கில் வைத்தேன், நல்ல இனிப்பு. இலை உதிர்ந்து புதுத்தளிர் முற்றும் இந்த மாசி, பங்குனியில்தான் இங்கே பெரிய அறுவடை. மழைக்காலத்தில் தேனீக்குத் தீனி கிடைக்காது, சீனிப்பாகு ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டுமாம்.

1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களை ஒரு வைரஸ் நோய் தாக்கியது, தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாயின. இந்த அண்ணன் வீட்டிலும் அப்பா வைத்திருந்ததில் மிஞ்சியது இரண்டே பெட்டி. "அதில உள்ள தேனீக் கூட்டத்தைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் இவ்வளவும்" என்று வரிசையைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதிலிருந்தே பிரித்துக் கொடுத்திருக்கிறார். சந்தையில் இன்றைக்குத் தேன் இருப்பது இப்படி மனம் விட்டுக் கொடுத்தவர்களால்தான், அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கத்தியால் அடையின் மெழுகுமூடியைச் சீவி, அடை இருந்த மரச்சட்டத்தை டிரம்முக்குள் நிறுத்திச் சுற்றினார். தேன் தகரத்தில் அடித்து வழிந்தது. அடை உடையவே இல்லை, காலியான சட்டங்களை அப்படியே பெட்டிக்குள் திரும்ப இறக்கினார். "அடுத்த வாரம் வா, திரும்பவும் நிறைஞ்சிருக்கும்."