கே-பெஸ்டுக்கு மாறியபோது இடறிய இரண்டு இடங்கள்

வயர்லெஸ் ரிசீவரில், வந்த சிக்னலிலிருந்து அனுப்பிய சிம்பல்களைக் கண்டறியும் வேலை. 4×4 மைமோ (நான்கு ஆண்டெனாவில் அனுப்பி நான்கில் பெறுவது), 64-க்யூஏஎம் (ஒவ்வொரு சிம்பலும் 64 மதிப்புகளில் ஒன்று). எல்லாச் சேர்க்கைகளையும் ஒப்பிடுவதென்றால் ஒரு வெக்டருக்கு (ஒரே நேரத்தில் அனுப்பிய நான்கு சிம்பல்களுக்கு) 1,67,77,216 தூரக் கணக்கு. வந்த சிக்னலுக்கு ஒரு தூரத்துக்குள் உள்ள சேர்க்கைகளை மட்டும் மரமாகத் தேடும் ஸ்பியர் டிகோடர் சிமுலேஷனில் நன்றாகவே ஓடியது. ஆனால் எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) இறங்கியதும் ஒரு வெக்டர் சில டஜன் நோடுகளில் (தேடல் மரத்தின் கணுக்களில்) முடிகிறது, அடுத்தது ஆயிரக்கணக்கில் தேடுகிறது. ஹார்டுவேரில் இதற்கு நேரம் ஒதுக்கவே முடியாது. அதனால் கே-பெஸ்ட்: ஒவ்வொரு நிலையிலும் தூரம் குறைந்த கே பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவது. ஒவ்வொரு சிம்பலின் மெய், கற்பனைப் பகுதிகளைப் பிரித்த மெய்யெண் வடிவில் 8 நிலை, நிலைக்கு 8 மதிப்பு. கே 10 என்றால் 8 + 64 + 6×80 = 552 நோடுகள்; எந்த வெக்டர் வந்தாலும் இதே கணக்குதான்.

முதல் அடி, வரிசைப்படுத்திய க்யூஆரில் (நெடுவரிசைகளை இடம் மாற்றி, சேனல் மேட்ரிக்ஸை இரண்டின் பெருக்கலாகப் பிரிக்கும் படி). நெடுவரிசைகளை இடம் மாற்றினால், கண்டறிந்த சிம்பல்களையும் கடைசியில் பழைய வரிசைக்குத் திருப்ப வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சோதனைக்கு வைத்திருந்த ஒரே சேனலில் வரிசை தற்செயலாக மாறவில்லை, அதனால் தேறிவிட்டது. இரண்டு நாள் வீண். இரைச்சலைப் பூஜ்ஜியமாக்கி ஆயிரம் ராண்டம் சேனல்களை முதலில் ஓட்டிவிடுங்கள். சரியான பாதையின் தூரம் எல்லா நிலையிலும் பூஜ்ஜியம், அது கழிபட வழியே இல்லை. ஒரு பிட் தவறினாலும் நிரலில்தான் கோளாறு.

பெரிய அடி எல்எல்ஆரில்: ஒரு பிட் 0-வா 1-ஆ என்பதை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு; 0 உள்ள சிறந்த பாதைக்கும் 1 உள்ள சிறந்த பாதைக்கும் உள்ள தூர வித்தியாசத்திலிருந்து வருவது. எஸ்என்ஆரை எவ்வளவு ஏற்றினாலும் ஃப்ரேம் (ஒன்றாக அனுப்பும் பிட் தொகுப்பு) பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை. கே-யை 16 ஆக்கியதில் நோடுகள் 840 ஆனதுதான் மிச்சம்; பிழை மட்டம் கொஞ்சம் அசைந்ததே தவிர மறையவில்லை.

தவறிய ஒரு ஃப்ரேமின் இறுதிப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்ததும் விளங்கியது. பத்துப் பாதைகளிலும் ஒரு குறிப்பிட்ட பிட் 1. 0 உள்ள பாதை ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதலில் கண்டறியும் லேயர்களில் இது அடிக்கடி நேரும், ஏனென்றால் மிஞ்சும் பாதைகள் பெரும்பாலும் அங்கே ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. 0-க்கான குறைந்தபட்சத் தூரம் தொடக்க மதிப்பான 10⁹-லேயே நின்றுவிட, எல்எல்ஆர் மலைபோல் உயர்ந்தது. அந்த பிட் உண்மையில் தவறு என்றால் பிழை திருத்தும் எல்டிபிசி டிகோடர் எத்தனை சுற்று ஓடினாலும் அதைப் புரட்ட முடியாது.

எல்எல்ஆரை ±8-இல் வெட்டினோம். இரைச்சல் திறனால் வகுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் எஸ்என்ஆருக்குத் தக்கபடி வரம்பும் நகரும். 2 அளவுக்கு இறுக்கினால் நல்ல பிட்டுகளின் நம்பகமும் போய்விடும். கே 10-லேயே அந்த மட்டம் மறைந்தது.