குளிர்காலக் கொட்டில் குறிப்புகள்

நவம்பர் 28

காலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிசாக ஐஸ் படிந்திருந்தது. தட்டி உடைத்துவிட்டு, அடுப்பில் சுடவைத்த தண்ணீரைக் கலந்து இரண்டு வாளி ஊற்றினேன். வெள்ளாடுகள் முண்டியடித்து வந்து குடித்தன. செம்மறிகள் வழக்கப்படி ஓரமாக நின்று, கொம்புள்ளவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தன. நாளையிலிருந்து அவற்றுக்குத் தனித் தொட்டி.

குளிர்காலத்தில் ஆடு தண்ணீர் கேட்காது என்று சொல்பவர்கள் உண்டு. சில்லென்ற தண்ணீர் என்றால்தான் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் தீனி எடுப்பதும் குறையும். கிடாக்களுக்குக் கூடுதல் ஆபத்து: சிறுநீர் கெட்டியாகி, போகும் வழியில் கல் அடைத்துக்கொள்ளும். தானியம் நிறையத் தின்னும் கிடாவுக்கு இது சீக்கிரம் வரும். நம் கிடாவுக்குத் தானியத்தை நிறுத்தியாயிற்று. சினைப்படுத்தும் வேலை முடிந்து சும்மாதானே நிற்கிறான், உலர்புல் போதும்.

டிசம்பர் 3

அப்பாவுக்கும் எனக்கும் வருடாவருடம் நடக்கிற சண்டை இன்று ஆரம்பம். கொட்டிலின் மேல் ஜன்னல்களைச் சாத்தச் சொல்கிறார்.

“நீ மட்டும் போர்வைக்குள்ள படுத்துக்குவ, ஆடு காத்துல கிடக்கணுமாடா?”

“அப்பா, ஒரே ஒரு ராத்திரி சாத்திப் பார்ப்போம். காலைல நீங்களே உள்ள வாங்க.”

டிசம்பர் 4

சாத்திய கொட்டிலுக்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நின்றபடி பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆடு படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனியச் சொன்னேன். குனிந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா தரையோரம்தான் அதிகமாக நிற்கிறது. நுரையீரலை அது அரித்துவைத்தால் சளியும் நிமோனியாவும் வர வேறு காரணமே வேண்டாம். போதாததற்கு, ஆடுகள் விட்ட மூச்சு கூரைத் தகட்டில் நீராகப் படிந்து அவற்றின் முதுகிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த முதுகைவிடக் குளிர்ந்த காற்று எவ்வளவோ மேல்.

மேல் ஜன்னல்கள் திறந்தாயிற்று. ஆடு நிற்கும் உயரம் வரை பலகை அடித்து, இடுக்குகளில் வைக்கோல் திணித்தோம். உடம்பில் நேராக அடிக்கும் காற்றை நிறுத்தினால் போதும். சாணத்தை வாரவில்லை, மேலே உலர்ந்த வைக்கோலைப் பரப்பினோம். அடியில் மக்கும் படுக்கை கொஞ்சம் சூடும் தரும். அதன்மேல் முட்டி போட்டுப் பார்ப்பேன்; பேண்ட் நனைந்தால் இன்னும் ஒரு கட்டு வைக்கோல்.

டிசம்பர் 11

இன்று எல்லா ஆடுகளையும் கையால் தடவிப் பார்த்தோம். கம்பளி ஏமாற்றும். பார்க்கக் கொழுகொழு என்று நிற்கும் செம்மறியின் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை அழுத்தினால் முனைகள் குத்துகின்றன. வெள்ளாட்டுக்கு முதுகு மட்டும் போதாது, நெஞ்செலும்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அது கொழுப்பைத் தோலுக்கு அடியில் அதிகம் வைத்துக்கொள்வதில்லை, குடலைச் சுற்றித்தான் சேர்க்கும். குளிரில் செம்மறிக்கு முன்னால் வெள்ளாடு நடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மெலிந்தவை நான்கைத் தனி அறைக்கு மாற்றியாயிற்று.

அப்போது பேனும் கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்திருக்கும், வெயிலும் குறைவு, எல்லாம் நெருங்கிப் படுக்கின்றன. பேனுக்கு இதைவிட நல்ல காலம் ஏது? வெள்ளாடுகளிடம்தான் இருந்தது, மருந்து போட்டோம்.

தாது உப்பு விஷயத்தில் அக்கா கறார். வெள்ளாட்டுக்கான உப்புக் கலவை வாளியைப் பூட்டித்தான் வைப்பாள். அதில் தாமிரம் உண்டு, வெள்ளாட்டுக்கு அது தேவை. செம்மறியின் ஈரலோ தாமிரத்தை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஏதோ ஒரு அலைச்சலில் எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்க, சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஆடு பிழைப்பது அரிது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வளர்ப்பவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

டிசம்பர் 19

கடும் குளிர். காலையில் போய்ப் பார்த்தால், வெளியே படுத்திருந்த செம்மறிகளின் முதுகில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அம்மா பதறிவிட்டார். உண்மையில் அது நல்ல செய்தி: உடம்புச் சூடு கம்பளியைத் தாண்டி வெளியே கசியவில்லை, அதனால்தான் மேலே விழுந்த பனி உருகாமல் கிடக்கிறது. விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன், தோல் சுடச்சுட இருந்தது.

இந்த மாதிரி இரவுகளில் மாலைத் தீனியில் உலர்புல்லைக் கூட்டுகிறோம். நார்த்தீனி முதல் வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும், அது ராத்திரி முழுக்க நீடிக்கும். ஆட்டுக்குள்ளேயே இருக்கும் அடுப்பு அது. குளிருகிறதே என்று திடீரென்று தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும்.

டிசம்பர் 31

சினைச் செம்மறிகளுக்கு, துள்ளுமாரி என்னும் குடல் நஞ்சு நோய், டெட்டனஸ் இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி. கிடாவைச் செப்டம்பர் முதல் தேதி விட்டோம். செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 147 நாள். அப்படிப் பார்த்தால் முதல் குட்டி ஜனவரி 26 வாக்கில் விழ வேண்டும். ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு ஊசி போட்டால்தான் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் வந்து சேரும். ஆடுகளில் அது நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது, சீம்பால் ஒன்றே வழி.

கையோடு, மடியைச் சுற்றியும் வாலடியிலும் கம்பளியைக் கத்தரித்துவிட்டோம். இல்லாவிட்டால் பிறந்த குட்டி காம்பைத் தேடி அழுக்குக் கம்பளியைச் சப்பிக்கொண்டிருக்கும்.

ஜனவரி 12

சினைச் செம்மறி மொட்டைக்காது இன்று தொட்டிக்கு வரவில்லை. ஆடு தீனிக்கு வராமல் நின்றாலே பாதி சேதி தெரிந்துவிடும். தலையைச் சுவரில் சாய்த்து, யாரையும் பார்க்காமல் நின்றது. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை.

வயிற்றில் இரட்டைக் குட்டி இருக்கும் ஆட்டுக்கு வரும் நோய் இது. குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கும். அதே சமயம் கருப்பை வயிற்றை நெருக்குவதால் தீனிக்கு இடம் குறைகிறது. பற்றாக்குறைக்குச் சொந்தக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும் உடம்பு. ஈரல் தாங்காமல், கொழுப்பு கரைவதில் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேரும்; மூச்சில் வந்த வாசனை அதுதான். மருத்துவர் வந்து சிறுநீரைச் சோதித்து உறுதி செய்தார். உடம்பு சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் புரொப்பிலீன் கிளைக்கால் திரவம் வாய்வழியாக, நரம்பில் குளுக்கோஸ், அப்புறம் கால்சியம்.

ஜனவரி 15

எழுந்து நின்று இலை கடிக்கிறது. அசை போடவும் ஆரம்பித்துவிட்டது. மற்ற சினை ஆடுகளுக்கும் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காலை மாலை எனப் பிரித்துக் கொடுக்கிறோம்.

ஜனவரி 26

கணக்குத் தப்பவில்லை. அதிகாலையில் மொட்டைக்காதுதான் முதலில் ஈன்றது, இரட்டை. முதல் குட்டி விழுந்த வேகத்தில் எழுந்து தலையால் மடியை முட்டியது. இரண்டாவது ஈரத்தோடு கிடந்தது. தாய் முதலாவதை நக்குவதிலேயே மும்முரம்.

வாயில் விரலை விட்டேன், உள்ளே சில்லென்று இருந்தது. வெப்பமானி 37.6 காட்டியது. பிறந்த குட்டிக்கு 39க்குக் குறையக் கூடாது. துண்டால் அழுத்தித் துடைத்துக் காயவைத்தோம். தலையைத் தூக்கி வைத்திருந்தது, விழுங்கவும் செய்தது. எனவே தாயிடம் கறந்த சீம்பாலைக் குழாய் வழியாக வயிற்றுக்கே கொடுத்தோம். கிலோவுக்கு 50 மில்லி என்று கணக்கு. குட்டி மூன்றரைக் கிலோ, ஆக 175 மில்லி. தொப்புளில் அயோடின்.

அக்காவுக்கு எப்போதும் உள்ள எச்சரிக்கை, பிறந்து ஐந்து மணி நேரம் தாண்டி 37க்கும் கீழே விறைத்துக் கிடக்கும் குட்டியைப் பற்றியது. அதை நேராகச் சூட்டில் வைக்கக் கூடாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த கொழுப்பு அதற்குள் எரிந்து தீர்ந்திருக்கும். சூடு ஏறியதும் மூளைக்குச் சர்க்கரை பற்றாமல் வலிப்பு வந்து செத்துவிடும். முதலில் குளுக்கோஸ், பிறகுதான் சூடு. வயிற்றுக்குள் போடும் அந்த ஊசியை அக்கா மருத்துவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் கை நடுங்கும்.

சூட்டு விளக்கைச் சங்கிலியில் கட்டி, கம்பியால் இன்னொரு கட்டும் போட்டோம். வைக்கோலில் விழுந்தால் கொட்டிலே போய்விடும். மதியம் வெப்பம் 39.2. விளக்கை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6

வெள்ளாடுகள் நேற்று ராத்திரி தொடங்கின. கருப்பி மூன்று ஈன்றது. காலையில் எண்ணினால் இரண்டுதான் இருந்தன. அப்பா அறை முழுக்கத் தேடினார். தீனித் தொட்டிக்கு அடியில் சுருண்டு படுத்து, சத்தமே போடாமல் கிடந்தது மூன்றாவது. செம்மறிக்குட்டி பிறந்ததும் தாயின் பின்னாலேயே ஓடும். வெள்ளாட்டுக்குட்டியோ ஒளிந்து படுத்திருக்கும், தாய் மேய்ந்துவிட்டு வந்து கூப்பிட்டால்தான் எழும். கொட்டிலில் பிறந்தாலும் அந்தக் குணம் போவதில்லை.

மூன்றுக்கும் இரண்டு காம்புதான் என்பதால், சின்னதை முறை வைத்துப் பால் குடிக்க விடுகிறோம்.

நாளைக்கு ஈன்றவற்றின் கீழ் இமையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்க வயிற்றுச் சுவரில் உறங்கிக் கிடந்த ரத்தம் உறிஞ்சும் புழுக்கள், ஆடு ஈனும் சமயம் பார்த்து விழித்துக்கொள்ளும். இமை வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழுவைத்தான் வளர்த்துவிடுவோம். மருந்தை அக்கா எடுத்து வைத்துவிட்டாள், எடை பார்க்கும் தராசுக்குத்தான் பேட்டரி இல்லை.