ஹெல்மெட்டில் கேமரா, கையில் கேம்

2022-இல் கேரள மோட்டார் வாகனத் துறை, கேமரா பொருத்திய ஹெல்மெட்டுடன் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை லைசென்ஸ் முடக்கம் என்று அறிவித்தது. உடனே இரண்டு கட்சி உருவானது. கேமரா மண்டைக்குள் குத்தி இறங்கிவிடும் என்றது ஒன்று. விபத்து நடந்தால் சாட்சிக்கு வேறு என்ன இருக்கிறது என்றது மற்றொன்று. பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டையில் ஒரு குறை தெரியும். இரு தரப்பும் கேமராவையே உற்றுப் பார்க்கின்றன. அதை மாட்டியவரின் கண் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் கருவி. ஹெல்மெட்டின் வெளி ஓடு வழுவழுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. வண்டியிலிருந்து விழும் தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தார்ச்சாலையில் மோதும். ஓடு வழுக்கிக்கொண்டு போனால் வேகம் உரசலில் கரைந்துவிடும். ஓட்டின் மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் துருத்தியபடி ஒரு பொருள் இருந்தால், அது தரையில் மாட்டி, தலையை நெம்பித் திருப்பும். அந்தத் திடீர்த் திருகல் மூளைக்கு நேர் அடிக்குக் குறையாத கேடு. ஐரோப்பாவின் ஈசிஇ 22.06 தரம் சாய்வு மோதல் சோதனையைப் புதிதாகச் சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கோளாறு உள்ளே நடக்கிறது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் தெர்மாகோல் நுரை அகலமாக நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டியது. கேமராவின் கெட்டியான அடித்தட்டு நடுவே வந்தால், அடி ஒரே இடத்தில் குவிகிறது. எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 150 கிராம் சொச்சம் உள்ள கேமரா, 1.2 கிலோ ஹெல்மெட்டில் எட்டில் ஒரு பங்கு. நடு உச்சியில் இருந்தால் கழுத்து சமாளித்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஒட்டினால் நெடுஞ்சாலைக் காற்றில் தலை ஒரு பக்கமாகவே இழுபடும், ஒரு மணி நேரத்தில் கழுத்து கடுக்கும்.

இவ்வளவும் உண்மை என்றாலும், பிளாஸ்டிக் கீல் வைத்த மவுன்ட் ஓரளவு பலத்த அடியிலேயே ஒடிந்துவிடும். அது நல்லதுதான், ஒடிவதுதான் அதன் பாதுகாப்பு. நம்மாட்கள் கெடுப்பது அங்கேதான். பதினைந்தாயிரம், இருபதாயிரம் போட்டு வாங்கிய கேமரா விழுந்துவிடுமே என்று ஃபெவிக்விக் ஊற்றுகிறார்கள், கேபிள் டை போட்டு இறுக்குகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். ஃபெவிக்விக் வகைப் பசை பாலிகார்பனேட் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். பெட்ரோல் தொட்டுத் துடைப்பதும் அப்படியே. கயிறோ, ஒடிந்து விழ வேண்டிய கேமராவைச் சுழற்றி முகத்தில் அடிக்கும். டிரில் போட்டவரிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: அந்த ஹெல்மெட்டில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரைக்கு இனி அர்த்தமில்லை.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கூடவே வரும் இரட்டைப் பக்க ஃபோம் டேப் போதும். வளைவுக்கு ஏற்ற அடித்தட்டு, துடைத்துக் காயவைத்த ஓடு, அரை நிமிட அழுத்தம், பிறகு ஒரு நாள் தொடாமல் விடுவது. ஒட்டிய உடனே கிளம்பினால் பாதிப் பிடிப்புதான் இருக்கும். இதைவிட நல்லது கேமராவை வண்டியின் கிராஷ் கார்டிலோ கண்ணாடித் தண்டிலோ மாட்டுவது. சாட்சிதான் நோக்கம் என்றால் அங்கிருந்தும் சாலை நன்றாகவே தெரியும். தலையிலிருந்து எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்பவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை, பார்வையாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

கார் பந்தய வீரர் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் பனிச்சறுக்கில் விழுந்தபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. காயத்துக்கு அதுதான் காரணம் என்று விசாரணையில் உறுதியாகவில்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அவர் பெயர் வராமல் போவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஸ்கைடைவிங் செய்பவர்களிடம் போகலாம். 200 குதிப்புகளாவது முடிக்காமல் கேமராவைத் தொடாதே என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. பாராசூட் கயிறு கேமராவில் சிக்கினால் ஹெல்மெட்டையே ஒரே இழுப்பில் கழற்றி விடும் வசதியும் வைத்துக்கொள்கிறார்கள். கேமரா புதியவரின் கவனத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்து எண்ணித்தான் அந்த 200.

தொழிற்சாலை ஹெல்மெட் வேறு ஜாதி. அதில் ஓட்டுக்கும் தலையைப் பிடிக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள வெற்றிடம்தான் உயிர் காக்கும் பாகம். இன்ஸ்பெக்ஷன் வீடியோ எடுக்க வேண்டும் என்று ஓட்டில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால், அதன் முனை அந்த வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொண்டு மண்டையைப் பார்த்தபடி நிற்கும். மேலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும். பல ஹெல்மெட்டுகளில் காதுக்கவசம் மாட்ட இரு பக்கமும் பள்ளம் இருக்கிறது, அதற்கென்று செய்த கிளிப்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். எரிவாயு கசியக்கூடிய பகுதியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாதாரண ஆக்‌ஷன் கேமரா ஒரு லித்தியம் பேட்டரி, தீப்பொறிக்கு வழியுள்ள கருவி. பீசோ (வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் உள்ள கருவி இல்லாவிட்டால், வாயு அளவு பார்த்து பர்மிட் போட்ட பிறகுதான் உள்ளே போகலாம். கேட்டில் செல்போனை வாங்கி வைக்கும் செக்யூரிட்டி, ஹெல்மெட்டின் மேல் இருப்பதைக் கேட்காமல் விடுவது நிறைய இடங்களில் நடக்கிறது.

இனி கண். சிக்னலில் நிற்கும்போது தலையைக் குனிந்து, பைக் கண்ணாடியில் தன் ஹெல்மெட்டைப் பார்க்கும் ஆட்களைக் கவனித்திருப்பீர்கள். கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா, பதிவாகிறதா என்று சரிபார்க்கிறார்கள். வெயிலில் கேமரா சூடேறித் தானாக அணைந்துவிடும், அதனால் ஓடும்போதும் அந்தச் சந்தேகம் விடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணாடியைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். பட்டனைத் தேடி இடது கை தலைக்குப் போனால் கிளட்ச்சில் ஆள் இல்லை.

கேம் இதையே வேறு வழியில் செய்கிறது. கேமரா விறுவிறுப்பான நேரத்தில் கவனத்தைப் பிடுங்குகிறது என்றால், கேம் ஒன்றும் நடக்காத நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2016 பிப்ரவரி 9 காலையில் ஜெர்மனியின் பாட் ஐப்லிங் அருகே ஒற்றைப் பாதையில் இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதி 12 பேர் இறந்தார்கள். போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியவர் பணியிலேயே செல்போனில் ‘டன்ஜன் ஹன்டர் 5’ ஆடிக்கொண்டிருந்தார். தவறான ரயிலுக்குச் சிறப்பு சிக்னல் கொடுத்துவிட்டார். தவறு தெரிந்ததும் அவசர அழைப்பு அனுப்பினார், அதிலும் தவறான பட்டனை அழுத்தியதால் அது ஓட்டுநர்களைச் சேரவில்லை. அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. அந்த இரண்டாவது தவறுதான் கவனிக்க வேண்டியது. போனைக் கீழே வைத்த மறுநொடியே மனம் வேலைக்குத் திரும்பிவிடாது.

எல்லா கேமும் ஒன்றல்ல என்பதையும் சூப்பர்வைசர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டாட்டம், புதிர் போன்றவை பாதியில் காத்திருக்கும். பிஜிஎம்ஐ மாதிரியான குழுச் சண்டை காத்திருக்காது. அரை மணி நேரம் நீளும் ஆட்டத்தின் நடுவில் போனால் கூட்டாளிகள் திட்டுவார்கள். ஹோட்டல் வாசலில் ஆர்டருக்குக் காத்திருக்கும் டெலிவரி தம்பிக்கு நடு ஆட்டத்தில் பார்சல் தயாராகிவிட்டால், ஆட்டம் ஹேண்டில்பார் ஹோல்டரில் தொடரும். வண்டி ஓட்டும்போது போன் போன்ற கருவியை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமல், என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. போன் எதிரில் இருக்கலாம் என்று மட்டும் எல்லாரும் படித்துக்கொண்டார்கள். அந்த டெலிவரி தம்பியைக் குறை சொல்வதற்கு முன், இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று திரையில் பட்டை ஏறிக் காட்டும் டெலிவரி செயலியே பாதி கேம்தான் என்பதையும் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோல் ரூமிலும் ஃபோர்க்லிஃப்டிலும் வெறும் தடை உத்தரவு நிற்காது. இரவு ஷிஃப்டில் மூன்று மணிக்குத் திரையில் எதுவும் மாறாதபோது, தூக்கத்தை விரட்ட ஆள் எதையாவது தேடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று ஆள், அரை மணிக்கு ஒரு முறை அளவீடுகளைக் கையால் எழுதும் லாக் புக், எழுந்து நடந்து சரிபார்க்க வேண்டிய ஒரு வால்வு, இவை போனைப் பிடுங்குவதைவிட அதிகம் உதவும். போன் பெட்டி அறைக்கு வெளியே இருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் வைத்தால் அதிர்வுச் சத்தம் கேட்டு கை தானாகப் போகும். பெட்டியில் போட மறுப்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் கேம் இல்லை, வீட்டில் அவசரம் என்றால் எப்படித் தெரியும் என்பதுதான். அறையின் லேண்ட்லைன் எண்ணை வேலைக்குச் சேரும் நாளிலேயே வீட்டாரிடம் கொடுத்து, ஒரு முறை அவர்களை அதில் அழைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.