மோட்டார் ஓடுது, தண்ணி வரல

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அந்த வேலையைப் பார்த்தேன். புனே பக்கம், நாராயண்காவ் அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 45 மீட்டர் தட்டுகள் பிடித்த பல்சர் பதிவு ஹார்ட் டிஸ்க்கில் வரும். பல்சர் என்பது சுழன்றுகொண்டே இருக்கும் செத்த நட்சத்திரம்; சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பு நம்மை எட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு வரியாக அடுக்கி, கெட்ட வரிகளை நீக்க வேண்டும். சுற்றுக்காலம் 2 விநாடி என்றால் மணிக்கு 1800 வரிகள். கண் பூத்துப்போகும்.

முதல் மாதமே சொதப்பினேன். வயதான ஒரு பல்சர். துடிப்பு ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று இருபது முப்பது வரிகள் வெறுமை. அப்புறம் எதுவும் நடக்காததுபோல மறுபடி வரும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பதிவு விட்டுப்போச்சு என்று அத்தனையையும் வெட்டி அனுப்பினேன். வழிகாட்டி போனில் கேட்டது ஒன்றுதான்: "வெட்டினதை வெச்சிருக்கீங்களா, அழிச்சிட்டீங்களா?"

நல்லவேளை, வைத்திருந்தேன்.

பல்சரே வாயை மூடிக்கொள்ளும், அதற்கு நல்லிங் என்று பெயர், 1970-இலேயே டொனால்ட் பேக்கர் என்ற வானியலாளர் எழுதிவிட்டார் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. பி1931+24 என்று ஒரு பல்சர், ஒரு வாரம் போலப் பேசிவிட்டு ஒரு மாதம் போல அடங்கிவிடும்.

சரி, பதிவு விட்டுப்போனதா, பல்சர் அடங்கியதா, எப்படிப் பிரிப்பது? வைகாசி வெயிலில் அப்பா போர்வெல் குழாயோரம் காதை வைத்து நின்றிருந்தார். "மோட்டாரு சத்தம் கேக்குதில்ல கண்ணு. அதுல கோளாறு இல்ல. கீழதான் தண்ணியில்ல."

அதேதான். கருவி நின்றால் துடிப்புக்கு வெளியே இருக்கும் இரைச்சலும் விழும். பல்சர் அடங்கினால் இரைச்சல் அப்படியே ஓடும், துடிப்பு மட்டும் இருக்காது. நான் வெட்டிய வரிகளில் இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

வயதாகி பல்சரின் சுழற்சி தளரத் தளர அதன் துருவத்தின் மின்னழுத்தம் குறையும். அந்த மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்-பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடிகள் பிறப்பது நின்றால் ரேடியோவும் நின்றுவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை மீறி, அவ்வளவு மெதுவாகச் சுற்றியும், 8.51 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது ஜே2144-3933 என்ற பல்சர். அதன் சுற்றுக்காலம் 2.84 விநாடி என்றே முதலில் நினைத்தார்கள். உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு என்று 1999-இல்தான் தெரிந்தது. அந்தப் பதிவை 2.84 விநாடிக்கு ஒரு வரியாக அடுக்கி அன்றைக்கு என்னிடம் கொடுத்திருந்தால், மூன்றில் இரண்டு வரியை வெட்டி எறிந்திருப்பேன்.